மூன்றாம் தூணின் கண்ணாடி

பாலங்கள் பிரிவு, மண்டல அலுவலகம்
மார்ச் 3

ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை அவர்களுக்கு,

பொருள்: பழைய கல் பாலம், மூன்றாம் தூண் விரிசல் – கண்காணிப்புப் பதிவேடு அனுப்பக் கோருதல்.

அம்மையீர்,

வடக்கே உள்ள புதுப் பாலத்தில் பழுதுபார்க்கும் வேலை மே முதல் தேதி தொடங்குகிறது. முடிய நான்கு மாதம் ஆகும். அதுவரை லாரிகளையும் வெளியூர்ப் பேருந்துகளையும் தங்கள் ஊரின் பழைய கல் பாலம் வழியாக அனுப்பலாமா என்று இவ்வலுவலகம் ஆராய்ந்து வருகிறது. தற்போது அதில் ஊர்ப் பேருந்தும் சிறு வண்டிகளும் மட்டுமே செல்கின்றன.

மேற்படி பாலத்தின் மூன்றாம் தூணுக்கு மேலுள்ள விரிசலின் குறுக்கே ஒன்பது ஆண்டுகளுக்கு முன் கண்ணாடித் துண்டு ஒன்று ஒட்டப்பட்டதும், அதை மாதந்தோறும் பார்த்துப் பதிவு செய்யும் பொறுப்பைத் தாங்கள் ஏற்றுக்கொண்டதும் நினைவிருக்கும். அந்தப் பதிவேட்டை இம்மாத இறுதிக்குள் அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கண்காணிப்புப் பொறியாளர்

மேலே இருப்பது டைப் அடித்தது. இது மட்டும் என் கை. முழங்கால் வலி தேவலையா?


பாலத்தடித் தெரு, முதல் வீடு
மார்ச் 9

தம்பிக்கு,

அம்மையீர் என்று போட்டிருக்கிறாய். ஒன்பது வருடம் கழித்து வரும் முதல் கடிதத்தில் கூடப் பிறந்தவளுக்கு அம்மையீர். அலுவலகக் கடிதம் அப்படித்தான் இருக்கும் என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. படி ஏறினால் வலி, இறங்கினால் அதைவிட வலி.

பதிவேட்டை இத்துடன் அனுப்புகிறேன். நூற்றெட்டு மாதம், நூற்றெட்டு வரி. எல்லா வரியும் ஒன்றுதான்: "முழுதாக இருக்கிறது."

அன்றைக்கு நகர மன்றத்தில் நான் பேசியது உன் மனதை விட்டுப் போகவில்லை என்று தெரியும். மூன்றாம் தூண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது, பாலத்தை மூட வேண்டும் என்று நீ வரைபடத்தை விரித்து விளக்கிக்கொண்டிருந்தாய். நான் முந்நூறு பேர் முன்னால் எழுந்து, "இவன் நடக்கக் கத்துக்கிட்டதே அந்தப் பாலத்து மேலதான். நான்தான் கையப் பிடிச்சுக்கிட்டுப் போனேன். இப்ப வந்து அது இறங்குதுங்கறான், ஏறுதுங்கறான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீ வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்தாய்.

மறுநாள் காலை நீயே வந்து அந்தக் கண்ணாடியை ஒட்டித் தேதி எழுதினாய். "இது உடைஞ்சா பாலத்த மூடணும். உடையாத வரைக்கும் நான் வாயத் திறக்க மாட்டேன். பாத்துக்கறது உன் பொறுப்பு" என்றாய். நாற்பது அடி தள்ளித்தான் வீடு. உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை.

போகட்டும். உன் கோப்பில் பாலத்தின் நீளம் அகலமெல்லாம் இருக்கும். கோப்பில் இல்லாததையும் கொஞ்சம் எழுதுகிறேன், லாரி விடப்போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

இருநூற்றுப் பத்து வருடத்துப் பாலம். ஏழு வளைவு. காலை எட்டு மணிக்கு ஆறு அசையாமல் இருந்தால் வளைவும் நிழலும் சேர்ந்து ஏழு வட்டங்களாகத் தெரியும். நான்காவது வளைவின் கீழே நின்று கூப்பிட்டால் கடைசி இரண்டு எழுத்தை அது திருப்பிச் சொல்லும். மற்ற ஆறும் சொல்லாது. ஏன் என்று முப்பது வருடம் பிள்ளைகள் கேட்டார்கள், எனக்கும் தெரியவில்லை என்று முப்பது வருடமும் சொன்னேன். கல் செதுக்கியவர்கள் ஆளுக்கொரு குறி போட்டிருக்கிறார்கள், எத்தனை கல் யாருடையது என்று தெரிவதற்காக. பிறை, மீன், சீப்பு, ஏணி என்று முப்பத்தொரு குறி. வண்டி வந்தால் ஒதுங்கி நிற்க, ஒவ்வொரு தூணுக்கு மேலும் அரைவட்டமாக இடம் விட்டிருக்கிறார்கள். இருநூறு வருடமாக ஆட்கள் முழங்கை ஊன்றி நின்றதில் அந்தச் சுவரின் மேல்விளிம்பு குழிந்திருக்கிறது. உன் முழங்கையும் அதில் சேர்த்தி.

வளைவு எப்படி நிற்கிறது என்று கேட்கும் பிள்ளைகளை இருவர் இருவராக நிற்கவைத்து, உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்துச் சாயச் சொல்வேன். எவ்வளவு சாய்கிறார்களோ அவ்வளவு பலம். பாதம் வழுக்கினால்தான் விழுவார்கள்.

இதற்குக் கீழே ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். பொருட்படுத்தாதே.

அக்கா


மண்டல அலுவலகம்
மார்ச் 21

அக்காவுக்கு,

பதிவேடு கிடைத்தது. போன வாரம் என் உதவிப் பொறியாளரை அனுப்பியிருந்தேனே, ஒட்டடைக்குச்சி மாதிரி ஒருவன், அவனும் திரும்பி வந்து படங்களைக் காட்டினான். கண்ணாடி அப்படியே இருக்கிறது. "உங்க கையெழுத்துதான் சார், அதே தேதி" என்றான். நானும் பார்த்தேன். என் கை எண்கள்தான்.

இதை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதிவிடுகிறேன். வருடத்துக்கு இரண்டு மில்லிமீட்டர் இறங்கும் என்று அன்றைக்குக் கணக்குப் போட்டுச் சொன்னேன். அப்படி இறங்கியிருந்தால் அந்தக் கண்ணாடி எப்போதோ உடைந்திருக்கும். என் கணக்கு தப்பு. அந்தத் தூண் பாறையில் நிற்கிறது போலிருக்கிறது. நீ சொன்னதுதான் சரி. நீ அதைச் சொன்ன விதம்தான் சரியில்லை. ஆனால் அதற்காக ஒன்பது வருடம் என்பது கொஞ்சம் அதிகம்தான், எனக்கே தெரிகிறது.

வீட்டில் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "ரெண்டு பேரும் ஒம்பது வருஷமா ஒரு கண்ணாடித் துண்டையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீங்க. ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கத் தோணல" என்றாள் உன் தம்பி மனைவி.

ஏப்ரல் பத்தாம் தேதி அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறேன். மே முதல் தேதி லாரிகள் ஓடும். நாளொன்றுக்கு முந்நூறு வரை இருக்கும். அன்று காலை நானும் வருகிறேன், இந்த முறை வீட்டுக்கும்.

தம்பி


பாலத்தடித் தெரு
மார்ச் 28

தம்பிக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன். இதற்காகத்தான் ஒன்பது வருடம் காத்திருந்தேன். அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று.

கையெழுத்துப் போடாதே. அது நீ ஒட்டிய கண்ணாடி இல்லை.

ஐந்து வருடத்துக்கு முன்பு, மழை முடிந்த மாதத்தில் நான் பார்க்கப் போனபோது அது உடைந்திருந்தது. பந்து பட்டிருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். வகுப்பில் நானே சொல்லிக் கொடுப்பேன்: அடிபட்ட கண்ணாடி நட்சத்திரம் மாதிரி நாலாபக்கமும் கீறும், இழுபட்ட கண்ணாடி ஒரே கோடாகப் பிரியும் என்று. நான் பார்த்தது ஒரே கோடு. இருந்தும் பந்து என்றேன். தெருவில் விளையாடும் பிள்ளைகளைக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தேன். அவர்கள் நாங்கள் இல்லை டீச்சர் என்று சத்தியம் பண்ணினார்கள்.

உனக்குத் தகவல் சொல்ல வேண்டும். சொன்னால் நீ ஜெயித்துவிடுவாய், பாலம் மூடப்படும். இதில் எது என்னை அதிகம் தடுத்தது என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை.

பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கிக்கு வைக்கும் கண்ணாடிச் சில்லு இருக்கும் அல்லவா, அதில் இரண்டு எடுத்தேன். ஒன்று போதும். இரண்டு எடுத்தேன். அப்போதே எனக்குத் தெரிந்திருக்கிறது, பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பழையதைப் பெயர்த்துவிட்டுப் புதியதை ஒட்டி, உன் தேதியையே எழுதினேன். உன் கை எண்கள் என்கிறாய். உனக்கு எண் எழுதப் பழக்கியது நான்தான். உன் நான்கும் ஏழும் என்னுடையவை. உலகத்தில் வேறு யார் எழுதியிருந்தாலும் நீ கண்டுபிடித்திருப்பாய்.

இரண்டு வருடத்துக்கு முன்பு அதுவும் உடைந்தது. அதே கோடு. இரண்டாவது சில்லை ஒட்டினேன்.

உடைந்த துண்டுகளை எறியவில்லை. எந்த நாளில் பார்த்தேன் என்று தாளில் எழுதி, சாக்பீஸ் பெட்டியில் வைத்திருக்கிறேன். எதற்காக வைத்தேன் என்று கேட்காதே.

உன் ஒட்டடைக்குச்சி வந்தபோது, "இவ்வளவு சுத்தமான கண்ணாடிய நான் எங்கயும் பாத்ததில்ல டீச்சர். தொடைப்பீங்களா?" என்று கேட்டான். வாரம் ஒருதடவை என்றேன். நல்ல பையன், நம்பிவிட்டான்.

அக்கா


மண்டல அலுவலகம்
ஏப்ரல் 1

அக்காவுக்கு,

கடிதம் பதினொன்று நாற்பதுக்குக் கைக்கு வந்தது. முதல் பக்கம் முடியும் முன்பே உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்குப் போன் செய்துவிட்டேன். பன்னிரண்டு ஐந்துக்கு இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டார்கள்.

பெட்டியை ஒட்டடையிடம் கொடு. எதையும் துடைக்காதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதை ஏன் போனில் சொல்லவில்லை? கடிதம் நான்கு நாள் தபாலில் கிடந்திருக்கிறது. ஊர்ப் பேருந்து தினமும் பதினாறு முறை போகிறது. அறுபத்து நான்கு முறை, அக்கா.

தம்பி


பாலத்தடித் தெரு
ஏப்ரல் 6

தம்பிக்கு,

போனில் சொன்னால் உன் குரல் மாறுவதைக் கேட்க வேண்டும். அதற்குப் பயந்தேன். அறுபத்து நான்கு என்ற எண்ணுக்கு இது பதில் ஆகாது. தெரிகிறது.

நேற்று நகர மன்றத்தைக் கூட்டச் செய்து, நடந்ததை நானே சொல்லிவிட்டேன். வெளியே "இஞ்சினியர் தம்பி பழிவாங்கிட்டான்" என்று பேச ஆரம்பித்திருந்தார்கள். அதை ஒருநாள் கூட ஓட விடக்கூடாது. ஒன்பது வருடத்துக்கு முன்பு நின்ற அதே இடத்தில் நின்று சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் கத்தவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை.

பேருந்து ஓட்டுநர் மட்டும் எழுந்தார். என்னிடம் படித்தவர். "டீச்சர், கணக்குல தப்பு பண்ணா வகுப்புக்கு வெளிய நிக்க வைப்பீங்க. தப்ப மறைச்சா அம்மாவக் கூட்டிட்டு வரச் சொல்வீங்க" என்றார். உட்காரப் போனவர் திரும்பினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பாலத்துக்கு முன்னாடி எல்லாரையும் இறக்கி நடக்க விட்டிருப்பேன். வெறும் வண்டிய ஓட்டிட்டுப் போயிருப்பேன். எனக்கு ஒரு வழி இருந்திருக்கும்ல" என்றார்.

இது எனக்குத் தோன்றவே இல்லை, தம்பி. மூடுவது, மூடாமல் இருப்பது என்று இரண்டே வழியை வைத்துக்கொண்டு ஐந்து வருடம் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் ரொட்டிக் கடைக்குப் போனேன். கடைக்காரி வழக்கமாக இரண்டு வார்த்தை பேசுவாள். இன்று சில்லறையை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

என்மேல் உள்ள கோபத்தைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. எழுதும்போது எழுது.

அக்கா


மண்டல அலுவலகம்
ஏப்ரல் 24

அக்காவுக்கு,

தண்ணீருக்குள் ஆள் இறக்கிப் பார்த்தோம். மூன்றாம் தூணின் அடியை ஆறு அரித்திருக்கிறது. நீர் வந்து மோதும் பக்கத்தில் ஒருவர் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்குக் குழி. முத்துக் குளிப்பவர் மாதிரி வந்தவர், மேலே வந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, "சார், இது எதுமேல நிக்குது?" என்று என்னையே கேட்டார்.

உன் பெட்டி உதவியது. இரண்டு தேதியும், இரண்டு உடைந்த துண்டும். தூண் என் கணக்குப்படி சீராக இறங்கவில்லை. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக. பெரிய மழை ஒன்று வந்தால் தாங்காது. வளைவுக்குக் கீழே முட்டுக் கொடுக்க இரும்பு வந்துகொண்டிருக்கிறது. மழைக்கு முன்பு முடிக்கப் பார்க்கிறோம்.

என்மேல் விசாரணை வைத்திருக்கிறார்கள். துறை ஆள் ஒருவர்கூட ஒன்பது வருடம் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டார்கள். என்ன சொல்ல? அந்தத் தெருவுக்கு வந்தால் உன் வாசலைத் தாண்டிப் போக வேண்டும், அதனால் போகவில்லை என்றா சொல்ல முடியும்? அதைத்தான் சொன்னேன். எழுதிக்கொண்டவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

நீ செய்ததையும் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. பார்வையாளர் என் உடன்பிறந்தவர், இருமுறை கண்ணாடியை மாற்றிப் பொய்ப் பதிவு செய்தார் என்று அப்படியே எழுதினேன். அந்த வரியை எழுதிவிட்டு வெளியே போய் நின்றேன். உன்மேல் எவ்வளவு கோபம் இருக்கிறது என்று எழுதப் பார்த்தேன். பக்கம் போதவில்லை. இன்னும் ஏழு மாதத்தில் எனக்கு ஓய்வு. முப்பத்து மூன்று வருடத்தில் ஒரு விபத்துக்கூட இல்லை என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று இருந்தேன்.

மே முதல் தேதி வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். வரவில்லை.

தம்பி


பாலத்தடித் தெரு
மே 19

தம்பிக்கு,

உனக்குத் தகவல் வந்திருக்கும். இருந்தாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன்.

மூன்று நாள் மழை. முட்டு வேலை பாதியில் நின்றுவிட்டது. காலை பத்தரை மணிக்கு மூன்றாம் தூண் நீர் வரும் பக்கமாகத் தலையைச் சாய்த்தது. தூங்குகிறவர் சாய்வதுபோல மெதுவாகத்தான். சுவர்க் கல் இரண்டு விழுந்தன. அப்புறம் மூன்றாவது வளைவின் நடுவில் ஒரு கோடாக வெளிச்சம் தெரிந்தது. வளைவு மொத்தமாக இறங்கியது. சாய்ந்துகொள்ள அது இல்லாமல் நான்காவதும் ஒரு நிமிடம் கழித்துப் போயிற்று. சத்தம் நான் நினைத்த அளவு இல்லை. ஆற்றின் சத்தம்தான் பெரிதாக இருந்தது.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நாற்பது ஐம்பது பேர் குடை பிடித்துக்கொண்டு நின்றோம். பேருந்து ஓட்டுநர் எனக்குப் பக்கத்தில் நின்றார். மணியைப் பார்த்தார். "பத்து நாப்பது டிரிப்பு" என்றார்.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நீ பன்னிரண்டு ஐந்துக்கு வைத்த தடுப்பு அது.

அக்கா


மண்டல அலுவலகம்
மே 27

அக்காவுக்கு,

இருபத்திரண்டாம் தேதி வந்திருந்தேன். எதிர்க்கரையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். உன் வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. பழுது வேலை தள்ளிப்போன வடக்குப் பாலம் வழியாகச் சுற்றி வந்தால் இருபத்து மூன்று கிலோமீட்டர். அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

விசாரணை முடிந்தது. ஓய்வு வரை எனக்குக் கையெழுத்து அதிகாரம் இல்லை. உன் வாக்குமூலத்தை உரக்க வாசித்தார்கள். உனக்காக ஒரு வரிகூட அதில் நீ கேட்டுக்கொள்ளவில்லை. "பாலத்தை மூடச் சொன்னவன் என் தம்பி, கேட்காதவள் நான்" என்று நீ எழுதியிருந்த வரி வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொல்லாமல் விட்டிருந்தால் அந்தப் பத்தரை மணிக்கு அங்கே லாரி வரிசை நின்றிருக்கும். என் கையெழுத்தை நம்பி. இதைத் தினமும் சொல்லிக்கொள்கிறேன். சொல்லிக்கொண்டாலும் அந்த ஐந்து வருடம் குறைய மாட்டேன் என்கிறது. உனக்கும் அப்படித்தான் இருக்கும்.

எதிர்க்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கு என்ன செய்கிறார்கள்?

தம்பி


எதிர்க்கரை, மாவு ஆலைக் கிடங்கு
ஜூன் 18

தம்பிக்கு,

விலாசத்தைப் பார்த்திருப்பாய். நீ கேட்ட கேள்விக்கு அதுதான் பதில்.

இந்தக் கரையில் நாற்பத்தொரு பிள்ளைகள். சுற்றிப் போகப் பெரிய வகுப்புப் பிள்ளைகளால் முடிகிறது, சின்னவர்களால் முடியவில்லை. ஆலைக்காரர் பழைய கிடங்கைக் கொடுத்தார். தலைமையாசிரியையிடம் போய், சின்னவர்களை நான் பார்த்துக்கொள்ளவா என்று கேட்டேன். அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார். அது சரியான முறை. இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். அதுவும் சரிதான்.

பின்பக்கம் ஓர் அறையில் கட்டிலும் ஸ்டவ்வும் போட்டுக்கொண்டேன். சுவர் முழுக்க மாவு படிந்திருந்தது. மூன்று நாள் கழுவியும் தும்மல் நிற்கவில்லை. பலகைக்குப் பதில் ஆலையின் பழைய இரும்புக் கதவு. சாக்பீஸ் நன்றாகவே பிடிக்கிறது.

முந்தாநாள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கினாள். எட்டு வயது. முன்பல் இரண்டு இல்லை.

"டீச்சர், பாலத்த உடைச்சது நீங்கன்னு சொல்றாங்களே."

"ஆறுதான் உடைச்சது. உடையப் போகுதுன்னு தெரிஞ்சும் சொல்லாம இருந்தது நான்" என்றேன்.

"அப்புறம் சொல்லிட்டீங்கல்ல?"

"சொன்னேன். அஞ்சு வருஷம் கழிச்சு."

அவள் விரலை மடக்கி எண்ணினாள். "அப்ப எனக்கு மூணு வயசு. அம்மா வேலைக்குப் போறப்போ என்னையும் மடியில வச்சுக் கூட்டிட்டுப் போகும். அந்தப் பஸ்லதான்" என்றாள். என்னைக் குறை சொல்லவில்லை. கணக்கு சரியா என்று பார்த்தாள், அவ்வளவுதான்.

சரி என்றேன். அவள் குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

அக்கா